கடை தொடங்குவது நாம், வளர்ப்பதில் நகரத்துக்கு என்ன பங்கு?
கோலாலம்பூரை வைத்து ஒரு பாடம்

நம்ம இளைஞர் கூட்டங்களில் "படிச்சு முடிச்சதும் என்ன செய்யப் போறே?" என்று கேட்டால், பத்தில் இரண்டு மூன்று பேராவது "சொந்தமா பிஸ்னஸ்" என்று சொல்வார்கள். கேட்க நல்லா இருக்கும். அடுத்து பேச்சு துணிச்சல், உழைப்பு, நம்பிக்கை என்று போய், கைதட்டலோடு முடிந்துவிடும்.

துணிச்சலும் உழைப்பும் கண்டிப்பா வேணும். ஆனால் ஒரு கடை நிற்கிற இடம் ஒரு தெரு. அந்தத் தெருவுக்குச் சாலை போட்டவர் யார், சாக்கடை கட்டியவர் யார், அங்கே கடை வைக்கலாம் என்று அனுமதி தருபவர் யார், வாடிக்கையாளரை அங்கே கொண்டு வந்து இறக்கும் ரயில் யாருடையது? இந்தக் கேள்விகளை நாம் கேட்பதே இல்லை. நான் சிவில் பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவன். வகுப்பில் சாலை, வடிகால், ரயில் நிலையம் என்று படிக்கும்போது, இவை ஒவ்வொன்றுக்கும் மேலே யாரோ ஒருவருடைய பிழைப்பு உட்கார்ந்திருக்கிறது என்பது மெல்ல மெல்லப் புரிந்தது. அதைத்தான் இந்தப் பாடத்தில் படிப்படியாகப் பார்க்கப் போகிறோம். உதாரணத்துக்கு நமக்குத் தெரிந்த கோலாலம்பூரையே எடுத்துக்கொள்வோம்.

1. ஒரு விதி உருவாக்கிய தொழில்

1881இல் கோலாலம்பூரில் பெரிய தீ விபத்து. அதே ஆண்டில் வெள்ளமும் வந்தது. அப்போதைய வீடுகளும் கடைகளும் பெரும்பாலும் மரமும் அத்தாப்பும்தான். ஒரு கடையில் தீப்பிடித்தால் வரிசையே எரிந்துவிடும். மறு ஆண்டு சிலாங்கூர் ரெசிடென்டாக வந்த பிராங்க் சுவெட்டன்ஹாம், இனிமேல் கட்டடங்களைச் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்ட வேண்டும் என்று வற்புறுத்தினார். திடீரென்று ஊருக்கே செங்கல் தேவைப்பட்டது. சீனர்களின் கப்பித்தானாக இருந்த யாப் ஆ லோய் செங்கல் சூளைகளை ஏற்படுத்தினார். அந்தச் சூளைகள் இருந்த இடம்தான் இன்று நாம் பூ வாங்கவும் வாழை இலைச் சாப்பாட்டுக்கும் போகிற பிரிக்பீல்ட்ஸ். பெயரிலேயே செங்கல் இருக்கிறது, பாருங்கள்.

பிறகு அங்கே ரயில்வே பணிமனைகள் வந்தன. ரயில்வே வேலைக்கு நம் மக்கள் வந்தார்கள். வேலைக்கு வந்தவர்களுக்குச் சாப்பாடு வேண்டும், துணி வேண்டும், பூஜைச் சாமான் வேண்டும். கடைகள் ஒவ்வொன்றாக முளைத்தன.

இந்தக் கதையில் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. செங்கல் தொழிலுக்கு நகரம் ஒரு சந்தையைத் திறந்து விட்டது, ஒரு விதியின் மூலமாக. ரயில்வே பணிமனை சாப்பாட்டுக் கடைக்கு வாடிக்கையாளர்களைக் கொண்டு வந்தது. "அரசாங்கம் எவ்ளோ காசு கொடுக்குது?" என்பதை மட்டுமே உதவி என்று நினைக்கக் கூடாது. விதி, இடம், முதல், கூட்டம், பாதுகாப்பு ஆகிய ஐந்து வழிகளில் நகரம் ஒரு தொழிலைத் தாங்குகிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

2. விதி: பெயரும் உரிமமும்

தொழில் தொடங்குவதற்கு இரண்டு தனித்தனி காகிதங்கள் வேண்டும். பல பேர் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள்.

முதல் காகிதம் பதிவு. இது எஸ்எஸ்எம் எனப்படும் மலேசிய நிறுவன ஆணையத்தில் செய்வது. 1956ஆம் ஆண்டின் தொழில் பதிவுச் சட்டப்படி, தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். அடையாள அட்டையில் உள்ள சொந்தப் பெயரிலேயே நடத்தினால் ஆண்டுக்கு 30 வெள்ளி. தனியாக வியாபாரப் பெயர் வைத்தால் ஆண்டுக்கு 60 வெள்ளி. மாதத்துக்குக் கணக்குப் பார்த்தால் 5 வெள்ளி. ஒரு நாசி லெமாக்கும் தே தாரிக்கும் அதைவிட அதிகமாகிவிடும்.

இதுக்கு மேலே சென்டிரியான் பெர்ஹாட் நிறுவனம் இருக்கிறது. அதன் பதிவுக் கட்டணம் 1,000 வெள்ளி. முன்பு குறைந்தது இரண்டு பேர் வேண்டும். 2016ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டம் வந்த பிறகு ஒருவரே பங்குதாரராகவும் இயக்குநராகவும் இருக்கலாம். இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? தனியுரிமைத் தொழிலில் கடையும் நீங்களும் சட்டத்தின் பார்வையில் ஒரே ஆள். கடை பட்ட கடன் உங்கள் மோட்டார் சைக்கிள் வரைக்கும் வரும். நிறுவனம் என்பது தனி ஆள். அதன் கடன் பொதுவாக அதோடு நிற்கும், நீங்கள் தனிப்பட்ட முறையில் ஜாமீன் கையெழுத்துப் போடாத வரைக்கும். தொடக்கத்தில் சின்னதாகச் செய்பவருக்கு முதல் வகை போதும். தொழில் பெரிதாகும்போது மாற்றிக்கொள்ளலாம்.

இரண்டாவது காகிதம் உரிமம், நாம் பேச்சில் சொல்கிற லைசன்ஸ். இது ஊராட்சி மன்றத்தின் கையில் இருக்கிறது. கோலாலம்பூர் என்றால் மாநகர் மன்றம், அதாவது டிபிகேஎல். பெட்டாலிங் ஜெயா, ஷா ஆலம், கிள்ளான் என்று ஒவ்வோர் ஊருக்கும் அதனதன் மன்றம். கடை நடத்தும் இடத்துக்கும் பெயர்ப் பலகைக்கும் அவர்களிடம்தான் அனுமதி வாங்க வேண்டும். வீட்டிலிருந்தே செய்கிற தொழிலுக்கு ஒவ்வொரு மன்றமும் ஒவ்வொரு விதி வைத்திருக்கிறது. அதனால் பக்கத்து ஊர்க்காரர் சொன்னதை நம்பிக்கொண்டு இருக்காமல், உங்கள் மன்றத்தையே கேளுங்கள். சாப்பாட்டுத் தொழிலென்றால் 2009ஆம் ஆண்டின் உணவுச் சுகாதார விதிமுறைகளும் சேர்ந்துகொள்ளும். உணவைக் கையாளும் ஒவ்வொருவரும் டைபாய்டு தடுப்பூசி போட்டிருக்க வேண்டும், அங்கீகரிக்கப்பட்ட உணவுக் கையாளுநர் பயிற்சியும் முடித்திருக்க வேண்டும்.

"இவ்ளோ தொல்லை எதுக்கு?" என்று கேட்பீர்கள். ஒரு உதாரணம் சொல்கிறேன். பாத்திரம் கழுவும் தண்ணீரிலிருந்து எண்ணெயைப் பிரித்துப் பிடிக்கும் ஒரு பெட்டியைச் சாப்பாட்டுக் கடைகள் வைக்க வேண்டும் என்று மன்றங்கள் கேட்கின்றன. கடைக்காரருக்கு அது ஒரு செலவு. ஆனால் சூடான எண்ணெய் குழாயில் போய் ஆறினதும் கட்டியாகிவிடும். பத்துக் கடை எண்ணெய் சேர்ந்தால் அந்த வரிசையின் குழாயே அடைத்துக்கொள்ளும். பிறகு கழிவு நீர் பின்வழியாக ஏறி, பதினோராவது கடையில் நிற்கும். அந்தப் பதினோராவது கடை உங்களுடையதாக இருக்கலாம். எல்லா விதிகளும் இப்படி நியாயமானவை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு விதியைப் பார்த்தால், "இது யாரை யாரிடமிருந்து காப்பாற்றுகிறது?" என்று முதலில் கேட்டுப் பாருங்கள். பதில் கிடைத்தால் அதை மதிப்போம். கிடைக்காவிட்டால் அதை மாற்றச் சொல்லிக் கேட்கவும் நமக்கு உரிமை உண்டு.

3. இடம்: முதலில் ஒரு ராத்திரி, பிறகு ஒரு கடை

இப்போ ஒரு கணக்கு. எண்கள் எல்லாம் பாடத்துக்காக நான் வைத்துக்கொண்டவை.

ஒரு பாக்கெட் முறுக்கில் எல்லாச் செலவும் போக 2 வெள்ளி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். கடை வாடகை மாதம் 3,000 வெள்ளி. நம் நாட்டு வழக்கப்படி இரண்டு மாத வாடகை முன்பணம், தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாத முன்பணம், முதல் மாத வாடகை எல்லாம் சேர்த்தால் 10,500 வெள்ளி. ஒரு முறுக்குகூட விற்காமலே இது கையை விட்டுப் போய்விடும். அதற்குப் பிறகு வாடகைக்காக மட்டும் மாதம் 1,500 பாக்கெட், அதாவது ஒரு நாள் விடாமல் தினமும் 50 பாக்கெட் விற்க வேண்டும்.

அதே முறுக்கை பசார் மாலாமில் வாரம் ஒரு ராத்திரி விற்றால்? இடத்துக்கு 30 வெள்ளி செலவு என்று வைத்தால், 15 பாக்கெட்டில் அது வந்துவிடும். அன்றைக்கு மழை பெய்தாலும் நஷ்டம் 30 வெள்ளியோடு போச்சு.

பசார் மாலாமின் அருமை இதுதான். புதன்கிழமை தாமான் கோனாட், சனிக்கிழமை லோரோங் துவாங்கு அப்துல் ரஹ்மான் என்று நாம் சாப்பிடப் போகிற அந்த ராத்திரிச் சந்தைகள், வியாபாரிகளுக்கு மலிவான பரிசோதனைக் கூடங்கள். எந்த விலைக்கு மக்கள் கை நீட்டுகிறார்கள், காரம் கூட வேணுமா, பாக்கெட் சின்னதா இருக்கணுமா என்று நாலே வாரத்தில் தெரிந்துவிடும். நகரம் ஒரு தெருவை ஒரு ராத்திரிக்கு மூடி, கோடு போட்டு, இடம் பிரித்துக் கொடுக்கிறது. அதனால் தோற்பதற்கு ஆகும் செலவு குறைகிறது. தோற்கிற செலவு குறைந்தால் முயற்சி செய்கிறவர்கள் கூடுவார்கள்.

சிங்கப்பூர் இதை வேறு மாதிரி செய்தது. அங்கே 1968, 1969 ஆண்டுகளில் தெருவோர வியாபாரிகளைப் பெரிய அளவில் பதிவு செய்தார்கள். பிறகு தண்ணீர்க் குழாய், கழிவு நீர் வசதியோடு உணவங்காடி நிலையங்கள் கட்டி, 1980களின் நடுப்பகுதிக்குள் அவர்களை உள்ளே கொண்டு வந்தார்கள். விரட்டுவதற்கு முன் போக ஓர் இடத்தைக் கட்டிக் கொடுத்தார்கள் என்பதுதான் இங்கே முக்கியம். 2020இல் யுனெஸ்கோ அந்த உணவங்காடிக் கலாசாரத்தைத் தன் மரபுடைமைப் பட்டியலில் சேர்த்தது. இப்போதும் புதியவர்கள் குறைந்த வாடகையில் சில மாதம் கடை நடத்திப் பார்க்க ஒரு திட்டம் அங்கே இருக்கிறது.

நம் பக்கத்தில் சென்ட்ரல் மார்க்கெட்டைச் சொல்லலாம். 1888இல் ஈரச் சந்தையாகத் தொடங்கியது. இன்றைய கட்டடம் 1937இல் முடிந்தது. 1980களில் இடிக்கப்படும் நிலைக்கு வந்து, காப்பாற்றப்பட்டு, கைவினைப் பொருள் சந்தையாக மாறியது. பழைய கட்டடம் ஒன்றை விட்டு வைத்ததால் எத்தனை சின்ன வியாபாரிகளுக்கு இடம் கிடைத்தது என்று அடுத்த முறை போகும்போது எண்ணிப் பாருங்கள்.

4. முதல்: அறிமுகமும் காகிதமும்

மஸ்ஜிட் ஜாமெக் பக்கத்தில் இருக்கும் லெபோ அம்பாங் ஒரு காலத்தில் செட்டியார்களின் தெரு. வங்கிகள் சின்ன வியாபாரியைத் திரும்பிக்கூடப் பார்க்காத காலத்தில், கடை போடவும் நிலம் வாங்கவும் பலருக்கு முதல் கிடைத்தது அங்கேதான். கடன் கேட்டு வருபவர் யார், எந்த ஊர், எப்படிப்பட்டவர் என்று விசாரித்து, ஈடு பார்த்து, பணம் கொடுத்தார்கள். அறிமுகம்தான் அவர்களுக்குப் பாதி ஆதாரம்.

இன்றைக்குக் கடன் கொடுக்கிற அதிகாரிக்கு உங்களைத் தெரியாது. அவருக்குத் தெரிந்தது காகிதம். எத்தனை வருஷமாகப் பதிவு இருக்கிறது, வங்கிக் கணக்கில் மாதம் எவ்வளவு வந்து போகிறது, உரிமம் இருக்கிறதா? நேர்மையை நிரூபிக்க இந்தக் காலத்தில் இருக்கிற வழி இதுதான்.

நமக்குத் தெரிந்திருக்க வேண்டிய சில வாசல்கள்:

தெக்குன் நேஷனல் 1998இல் தொடங்கப்பட்ட சிறுதொழில் கடன் நிறுவனம். அதில் இந்தியத் தொழில்முனைவோருக்கென்று ஸ்புமி திட்டம் இருக்கிறது. 2024இல் வந்த அதன் விரிவாக்கத்தில் 100,000 வெள்ளி வரை கடன் கேட்க வழி செய்தார்கள்.

அமானா இக்தியார் மலேசியா 1987இல் வங்காளதேசத்தின் கிராமீன் வங்கி முறையைப் பின்பற்றி வந்தது. பெண்கள் குழுவாகச் சேர்ந்து, ஒருவருக்கொருவர் துணையாக நின்று, சின்னக் கடன் வாங்கி வாராவாரம் கட்டுவார்கள். 2024இல் இந்தியப் பெண்களுக்கென்று பெண் என்ற திட்டத்தை இங்கே தொடங்கினார்கள். அதே ஆண்டு பேங்க் ராக்யாட்டும் இந்தியத் தொழில்முனைவோருக்குத் தனிக் கடன் திட்டம் கொண்டு வந்தது.

சிஜிசி எனப்படும் கடன் உத்தரவாதக் கழகம் 1972இலிருந்து இருக்கிறது. ஈடு வைக்க வீடோ நிலமோ இல்லாத தொழிலுக்கு, வங்கிக் கடனின் ஒரு பகுதிக்கு இது உத்தரவாதம் தரும். கடன் திரும்பாவிட்டால் வங்கிக்கு முழு நஷ்டம் இல்லை. அதனால் வங்கி கொஞ்சம் தைரியமாகக் கொடுக்கும்.

ஒன்றை மறக்க வேண்டாம். இவை எல்லாம் கடன், இனாம் கிடையாது. வாங்கியதைக் கட்டினால்தான் அடுத்து வருகிற நம் பிள்ளைக்கும் அந்த வாசல் திறந்திருக்கும். இந்த வாசல்கள் தெரியாதவர்கள் எங்கே போகிறார்கள் என்பது நமக்கெல்லாம் தெரியும். விளக்குக் கம்பத்தில் ஒட்டியிருக்கிற கைப்பேசி எண்ணுக்கு. ஆலோங்கிடம் 2,000 வெள்ளி வாங்கி, கதவில் சிவப்புச் சாயம் ஊற்றப்பட்டு, ராத்திரியோடு ராத்திரியாக வீடு மாறிய குடும்பங்களை நம்ம அடுக்குமாடி வீடுகளில் பார்க்காதவர்கள் இருக்க முடியாது.

5. கூட்டமும் பாதுகாப்பும்: கண்ணுக்குத் தெரியாத உதவி

இது என் பாடம், அதனால் கொஞ்சம் ஆசையாகவே எழுதுகிறேன்.

ஒரு ரயில் நிலையத்தின் வாசல் எந்தப் பக்கம் திறக்கிறது என்பது ஒரு தெருவின் தலையெழுத்தையே மாற்றும். எம்ஆர்டி காஜாங் தடம் 2017இல் முழுமையாகத் திறந்தபோது பசார் செனி நிலையம் இரண்டு தடங்கள் சந்திக்கிற இடமானது. இறங்குகிறவர்கள் நடந்து போகிற வழியில் இருக்கிற கடைக்கு விளம்பரமே தேவையில்லை. அதே சமயம், கட்டுமானம் நடக்கிற காலத்தில் தகரத் தடுப்புக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட சின்னக் கடைக்கு இரண்டு மூன்று வருஷம் கூட்டமே வராது. ரயில் வந்த பிறகு வருகிற லாபத்தை எண்ணுகிறவர்கள், ரயில் வருவதற்குள் மூடிப்போன கடையையும் எண்ண வேண்டும். இதை ஒரு வருங்காலப் பொறியாளனாக எனக்கே நான் சொல்லிக்கொள்கிறேன்.

பிரிக்பீல்ட்ஸ் லிட்டில் இந்தியாவை 2010 அக்டோபரில் நம் அப்போதைய பிரதமரும் அப்போதைய இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்கும் திறந்து வைத்தார்கள். துன் சம்பந்தன் சாலைக்கு வளைவுகளும் வண்ணமும் வந்தன, சுற்றுப்பயணிகளும் வந்தார்கள். ஒரு தெருவுக்கு அடையாளம் கொடுப்பதும் ஒரு வகை உதவிதான். ஆனால் தீபாவளிச் சாமான் வாங்க வருகிற குடும்பத்துக்கு முதலில் காரை நிறுத்த இடம் வேண்டும். வளைவைப் பார்க்க வருகிறவர் படம் எடுத்துவிட்டுப் போய்விடுவார். கார் நிறுத்த இடம் கிடைத்தவர்தான் இரண்டு பை நிறைய வாங்கிக்கொண்டு போவார்.

அடுத்து வெள்ளம். கோம்பாக்கும் கிள்ளானும் சேருகிற இடத்தில் பிறந்த ஊர் இது. மஸ்ஜிட் ஜாமெக் பக்கம் கடை வைத்தவர்களுக்குக் கன மழை என்றாலே வயிற்றில் புளியைக் கரைக்கும். 2007இல் திறக்கப்பட்ட ஸ்மார்ட் சுரங்கம் சுமார் 9.7 கிலோமீட்டர் நீளம். சாதாரண நாளில் அதன் ஒரு பகுதியில் கார் ஓடும். பெருமழை வந்தால் வண்டிகளை வெளியேற்றிவிட்டு, நகர மையத்துக்கு வர வேண்டிய வெள்ளத்தை அதன் வழியாகத் திருப்பி விடுவார்கள். எந்தக் கடைக்காரரின் கணக்குப் புத்தகத்திலும் "சுரங்க உதவி" என்று ஒரு வரி இருக்காது. ஆனால் அரிசி மூட்டை நனையாமல் இருந்த ஒவ்வொரு நாளும் அது அவருக்குக் கிடைத்த உதவிதான். அந்தப் பாதுகாப்பு எட்டாத இடத்தில் என்ன ஆகும் என்பதை 2021 டிசம்பரில் ஷா ஆலம் ஸ்ரீ மூடாவில் பார்த்தோம். வீடுகளோடு சேர்ந்து எத்தனையோ கடைகளின் சரக்கும் சேற்றில் போனது.

6. தொடங்க ஓர் ஊர், வளர இன்னோர் ஊர்

மைதெக்சி ஞாபகம் இருக்கிறதா? 2012இல் கோலாலம்பூரில் தொடங்கியது. அந்தோணி டான், டான் ஹூய் லிங் என்ற இரண்டு மலேசியர்கள் ஹார்வர்டில் படித்தபோது போட்ட திட்டம். டாக்சி கிடைக்காத தொல்லை, பெண்கள் தனியாக டாக்சி ஏறப் பயப்படுவது போன்ற நம்ம ஊர்ப் பிரச்சினைக்கு நம்ம ஊரிலேயே பிறந்த தீர்வு. 2014இல் அதன் தலைமையகம் சிங்கப்பூருக்குப் போய்விட்டது. அதுதான் இன்றைய கிராப். 2021இல் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் ஏறியது.

ஒரு தொழிலைப் பிறக்க வைக்கிற தகுதி வேறு, அதைப் பெரிதாக வளர்க்கிற தகுதி வேறு என்பது இதில் தெரிகிறது. வளருகிற நிறுவனத்துக்குப் பெரிய முதலீட்டாளர்கள், பல நாடுகளில் தொழில் நடத்தத் தோதான சட்டம், திறமையான ஆட்கள் எல்லாம் ஒரே இடத்தில் வேண்டும். பக்கத்து ஊரில் அது எளிதாகக் கிடைத்தால் கம்பெனி மூட்டை கட்டிவிடும்.

"கிராப் எங்கே, நம்ம முறுக்கு எங்கே?" என்று நினைக்காதீர்கள். முறுக்குக்கும் இதே இரண்டாவது படி உண்டு. பசார் மாலாமில் விற்கிற முறுக்கைப் பேரங்காடித் தட்டில் வைக்க வேண்டுமென்றால் முறையான லேபிள் வேண்டும், பார்கோடு வேண்டும், இந்த நாட்டின் எல்லா வாடிக்கையாளரும் வாங்க வேண்டுமென்றால் ஜாக்கிமின் ஹலால் சான்றிதழும் வேண்டும். அந்தச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க எஸ்எஸ்எம் பதிவும் ஊராட்சி மன்ற உரிமமும் கேட்பார்கள். ஆக, முதல் படியில் தவறவிட்ட அந்தச் சின்னக் காகிதம், மூன்றாவது படியில் வந்து வழியை மறிக்கும்.

7. காகிதம் இல்லாத அக்கா

எங்கள் அடுக்குமாடியில் நான்காவது மாடியில் ஓர் அக்கா இருக்கிறார். இட்லி மாவும் முறுக்கும் விற்பார். அவர் கைப் பக்குவத்துக்கு மூன்று பிளாக்கிலும் வாடிக்கை உண்டு. 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. அப்போது நான் நான்காம் படிவம். அவருக்கு வந்துகொண்டிருந்த கல்யாண ஆர்டர், கோயில் ஆர்டர் எல்லாம் ஒரே வாரத்தில் நின்றுவிட்டன.

அந்த ஆண்டு அரசாங்கம் குறுந்தொழில்களுக்கு 3,000 வெள்ளி சிறப்பு மானியம் அறிவித்தது. ஏற்கெனவே பதிவில் இருந்தவர்களுக்கு மட்டும். அக்கா எட்டு வருஷமாகத் தொழில் செய்கிறார். நாங்கள் எல்லாரும் சாட்சி. ஆனால் அரசாங்கத்தின் பட்டியலில் அப்படி ஒரு தொழிலே இல்லை. வேறு யாரும் அவரை ஒதுக்கவில்லை, ஏமாற்றவில்லை. அவர் இருப்பது தெரியவில்லை, அவ்வளவுதான். எனக்கு இன்றும் மனசு உறுத்துவது அந்த 3,000 வெள்ளிதான். அவருக்கு அது மூன்று மாத வீட்டு வாடகை.

"ஏன்க்கா பதியல?" என்று பின்னொரு நாள் கேட்டேன். "பேரைக் கொடுத்தா வரி கட்டச் சொல்வாங்க தம்பி" என்றார். இந்தப் பயம் நம்மிடையே ரொம்பப் பரவலாக இருக்கிறது. அதனால் கணக்கைப் பார்த்துவிடுவோம். பதிவுக் கட்டணம் வேறு, வருமான வரி வேறு. வரி என்பது செலவுகளையும் கழிவுகளையும் நீக்கிய பிறகு மிஞ்சுகிற வருமானத்துக்கு. அப்படி மிஞ்சுவது ஆண்டுக்கு 20,000 வெள்ளி என்றால், இப்போதைய விகிதப்படி முதல் 5,000க்கு வரி இல்லை, அடுத்த 15,000க்கு ஒரு விழுக்காடு, ஆக 150 வெள்ளி. ஆனால் 35,000 வெள்ளிக்குள் இருப்பவர்களுக்கு 400 வெள்ளி வரித் தள்ளுபடி உண்டு. கடைசியில் கட்ட வேண்டியது சுழியம். கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். காசு கட்ட வேண்டியதில்லை. கட்ட வேண்டிய அளவுக்கு வருமானம் உயர்ந்தால், அது சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தானே!

அக்கா இப்போது பதிவு செய்துவிட்டார். தொழில் பெயரில் வங்கிக் கணக்கு திறந்திருக்கிறார், வாரம் ஒரு பசார் மாலாமில் இடமும் எடுத்திருக்கிறார். பெரிய கடையெல்லாம் இன்னும் வரவில்லை. ஆனால் அடுத்து ஒரு உதவி அறிவித்தால், பட்டியலில் அவர் பெயர் இருக்கும்.

இதில் நகரத்தின் மேலும் குறை உண்டு. பதிவு ஓரிடம், உரிமம் ஓரிடம், உணவுப் பயிற்சி ஓரிடம், கடன் ஓரிடம் என்று ஒரு தனி மனுஷி வியாபாரத்தை விட்டுவிட்டு நாலு கவுண்டருக்கு அலைய வேண்டியிருக்கிறது. படிவத்தின் மலாய் மொழி ஆட்சிமொழி நடையில் இருக்கும். பேச்சு மலாய் மட்டும் தெரிந்தவர் தடுமாறிப் போவார். உதவித் திட்டத்தின் அறிவிப்பு இணையத்தில் வருகிறது. அது தேவைப்படுகிறவர் இட்லிக் குண்டானுக்குப் பக்கத்தில் நிற்கிறார். இந்த இடைவெளியை மன்றம் அடைக்கட்டும் என்று காத்திருக்கலாம். ஆனால் மடிக்கணினியும் மலாய்ப் புலமையும் இருக்கிற பிள்ளைகள் நம் சங்கத்திலேயே எத்தனை பேர்!

கலந்து பேச

1. உங்கள் வட்டாரத்தில் தமிழர்கள் நடத்தும் ஐந்து தொழில்களைச் சொல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் வாடிக்கையாளரைக் கொண்டு வந்து சேர்ப்பது எது? கோயிலா, பள்ளியா, ரயில் நிலையமா, தொழிற்சாலையா?

2. தொழிலுக்கு இடைஞ்சல் என்று நீங்கள் நினைக்கும் ஓர் ஊராட்சி மன்ற விதியை எடுத்துக்கொள்ளுங்கள். அது யாரைக் காப்பாற்றுகிறது? அதை மாற்ற வேண்டுமென்றால் எப்படி மாற்றலாம்?

3. உங்கள் தெருவுக்கு நகரம் ஒரே ஒரு உதவி செய்யும் என்றால் எதைக் கேட்பீர்கள்: வெளிச்சம், வடிகால், கார் நிறுத்துமிடம், வாரச் சந்தை? ஏன்?

இந்த மாதம் செய்ய

இரண்டு இரண்டு பேராகச் சேருங்கள். பதிவில்லாமல் தொழில் செய்கிற ஒருவரை உங்கள் குடும்பத்திலோ அக்கம்பக்கத்திலோ கண்டுபிடியுங்கள். அறிவுரை சொல்லப் போகாதீர்கள்; முதலில் அவர் தொழிலைப் பற்றிக் கேளுங்கள். ஒரு மாத வரவு செலவை அவரோடு உட்கார்ந்து ஒரு நோட்டில் எழுதுங்கள். பதிவுக்கும் உரிமத்துக்கும் என்னென்ன வேண்டும் என்று எஸ்எஸ்எம்மிலும் உங்கள் ஊராட்சி மன்றத்திலும் விசாரித்து, ஒரே பக்கத்தில் தமிழில் எழுதிக் கொடுங்கள். அவர் சரி என்றால் மட்டும் கூடவே போய்ப் பதிவு செய்ய உதவுங்கள். அவருடைய கடவுச்சொல்லையோ வங்கி விவரத்தையோ நீங்கள் வைத்துக்கொள்ளக் கூடாது.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது அந்த ஒரு பக்கத்தையும் கொண்டு வாருங்கள். எல்லாவற்றையும் சேர்த்தால் நம் வட்டாரத்துக்கென்று ஒரு சின்னக் கையேடு ஆகிவிடும். கோயில் அலுவலகத்தில் வைத்தால், தேவைப்படுகிறவர் வந்து எடுத்துக்கொள்வார்.